தெளிவு நாள்

"சமையக்கட்டுக்கு யாரு பூட்டு போட்டது, யோகா?"

யோகேஸ்வரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேள்வி தமிழில் வந்தது. ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் மாமியாரின் வாயிலிருந்து தமிழும் வரவில்லை, தன் பெயரும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். சியூ ஹூன் சமையலறைக் கதவருகே நின்று பூட்டைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்வரை அதே பூட்டைப் பிடித்து உலுக்கிக் கத்தியவர். இப்போது கடையில் பொருள் வாங்குகிறவர்போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாங்கதான் போட்டோம், அத்தை."

"எனக்காகவா?"

"ஆமா."

சியூ ஹூன் பூட்டை மெதுவாக விட்டார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். நகங்களின் ஓரத்தில் பெயின்ட் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கதவைப் பிறாண்டியிருக்கிறோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது. மேலும் எதுவும் கேட்காமல் தன் மூக்குக் கண்ணாடி எங்கே என்று மட்டும் கேட்டார். யோகேஸ்வரி கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அழுது முடித்திருந்தாள்.

சியூ ஹூன் ஈப்போ நீதிமன்றத்தில் முப்பது வருடத்துக்கும் மேல் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அப்பாவுக்கு சுங்கை சிப்புட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டி மளிகைக்கடை. கடைக்கு வந்த பெண்களிடம் கற்றது தமிழ். வீட்டில் பேசியது கன்டனீஸ். பள்ளியில் மலாயும் ஆங்கிலமும். கோபத்தில் அண்ணனைப் பார்த்து "வெட்டிப் போட்டுருவேன்" என்று சொன்ன ஒருவன்மேல் வழக்கு வந்தபோது, அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கமாட்டேன் என்று நின்றவர் அவர். "தமிழ்ல இதைப் பெத்தவளே பிள்ளையைப் பாத்துச் சொல்லுவா" என்று நீதிபதிக்கே விளக்கம் சொன்னாராம். மகன் கார் மிங் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னபோது அவன் அப்பா வாய் கோக் சாப்பிடாமல் எழுந்து போனார். சியூ ஹூன் மட்டும் யோகேஸ்வரியை உட்காரவைத்துத் தமிழிலேயே பேசினார். எப்படிக் கூப்பிடுவது என்று அவள் தயங்கியபோது, "அத்தைன்னு கூப்பிடு, எனக்கு அது பிடிக்கும்" என்றார். பெற்ற தாயை இளவயதிலேயே இழந்திருந்த யோகேஸ்வரிக்கு அதன்பின் எந்தப் பிரச்சினை என்றாலும் முதலில் போய் நிற்கும் இடம் அவர்தான்.

நாற்பத்தைந்து வயதிலேயே சியூ ஹூனுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. பார்க்க ஒல்லியான உடம்பு. ஆனால் கொழுப்பு உள்ளே கல்லீரலைச் சுற்றி இருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருபது வருடத்துக்கும் மேல் ஓட்டினார். அறுபத்தெட்டில் தமிழ் போயிற்று. பேச வாயெடுத்தால் சொல் வராது. எரிச்சலில் மலாய்க்குத் தாவுவார். பிறகு ஆங்கிலமும் போயிற்று. பிறகு மலாயும். கடைசியில் சிறுவயதுக் கன்டனீஸ் மட்டும் மிஞ்சியது. நாற்பது வருடம் உடன் வாழ்ந்த வாய் கோக்கை ஒருநாள் யாரோ ஒரு அண்ணன் என்று நினைத்து "ஆ கோ" என்று கூப்பிட்டு, உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டார்.

கார் மிங்குக்குச் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. மாதம் ஒருமுறைதான் வரமுடியும். பிள்ளைகள் இல்லை. யோகேஸ்வரி பாலர் பள்ளி வேலையை விட்டுவிட்டு பாசிர் பிஞ்சியில் இருந்த மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

வால்வு என்ற புதுக் கருவி பற்றி முதலில் கேள்விப்பட்டது வாய் கோக்தான். காலை கோப்பிக் கடையில் பேசிக்கொண்டார்களாம். ஊருக்கு வெளியே புதிதாக வந்திருக்கும் ஆய்வு நிலையத்தில் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட சீனர்களைச் சேர்க்கிறார்கள் என்று. அந்த நிலையத்தின் டாக்டர் ரொஹானி, சியூ ஹூனோடு போன வாய் கோக்கையும் யோகேஸ்வரியையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்.

"இவங்க ரத்தத்துல சர்க்கரை நிறைய இருக்கு. மூளைதான் அதை வாங்கிக்க மாட்டேங்குது. வருஷக்கணக்கா வாசல்ல வந்து கொட்டினதால கதவே இறுகிப்போச்சு. வெள்ளத்துக்கு நடுவுல உக்காந்து தாகத்துல வாடுற மாதிரி. மூளை இன்னும் முழுசா சாகல. பட்டினியில கிடக்கு."

"அப்ப வேற வழியில சாப்பாடு குடுக்கலாமா?" என்று யோகேஸ்வரி கேட்டாள்.

அதைத்தான் வால்வு செய்யும் என்றார் டாக்டர். விரல்நுனி அளவு கருவி. விலாவுக்குக் கீழே பொருத்தினால், உடம்பின் கொழுப்பையும் தசையையும் உருக்கி மூளைக்கு வேறொரு எரிபொருளாக அனுப்பும். மூளை அதை ஆவலோடு எடுத்துக்கொள்கிறது, நினைவு திரும்புகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. நிலையம் தரும் எண்ணெய்ப் பானம் தவிர சோறு, ரொட்டி, மீன், பழம், இனிப்பு எதுவும் வயிற்றுக்குள் போகக்கூடாது. போனால் வால்வு தானே மூடிக்கொள்ளும். ஒருவாய் இருவாய் தாங்கும். ஒரு கிண்ணச் சோற்றை, ஒரு மங்கைக்கூடச் சமாளித்துவிடும். இரண்டாவது மங்கு போனால் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து பட்டினி.

"எத்தனை நாள் பட்டினி?" என்றார் வாய் கோக். அவர் ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக். எதையும் எப்படி ஓடும், எப்போது நிற்கும் என்றுதான் கேட்பார்.

ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். தெளிந்துவிட்டால் பசி தெரியாது. தெளிகிறவரைதான் கஷ்டம். ஏன் பட்டினி கிடக்கிறோம் என்று அவருக்குப் புரியாது, அழுவார், அடிப்பார். தெளிந்த பிறகு சில வாரம் அப்படியே வைத்திருக்கலாம். அதற்குமேல் உடம்பு தாங்காது. சாப்பிடவைத்துத் தேற்றவேண்டும். தேறும்வரை மறதி. பிறகு மறுபடி பட்டினி.

"அப்ப இது குணமாகிறதில்ல" என்றாள் யோகேஸ்வரி.

"இல்ல. தவணை" என்றார் டாக்டர்.

யோகேஸ்வரியின் அப்பாவும் இதே சர்க்கரையில் இதே மறதிக்குப் போனவர். இந்தியர்களைச் சேர்ப்பார்களா என்று அவள் கேட்டாள். இருபது வருடமாக எடுத்துவைத்த இடுப்பளவும் ரத்த அளவும் இந்தப் பகுதிச் சீன முதியவர்களுடையவைதான், அவர்கள் உடம்பு எங்கே தாங்கும் எங்கே உடையும் என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும் என்றார் டாக்டர். உங்கள் ஆட்களுக்கு இன்னும் பல வருடம் ஆகும். அதைச் சொல்லும்போது அவர் யோகேஸ்வரியைப் பார்க்கவில்லை.

முதல் பட்டினி அவர்கள் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. சியூ ஹூன் அந்த எண்ணெய்ப் பானத்தைத் துப்பினார். வாய் கோக்கின் கையைக் கடித்தார். யோகேஸ்வரியை வேலைக்காரி என்று நினைத்து "ஆ ஜே, பசிக்குது, ஆ ஜே" என்று கன்டனீஸில் கெஞ்சினார். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, இந்த வீட்டில் என்னைக் கட்டிப்போட்டுக் கொல்கிறார்கள் என்றார். சமூகநலத் துறையிலிருந்து ஒருவர் வந்து, ஆய்வு நிலையத்தின் கடிதத்தைப் பார்த்து, காலணியைக்கூடக் கழற்றாமல் வாசலோடு திரும்பிப்போனார். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரி இவர்களோடு பேசவில்லை.

இத்தனையும் நடந்த பிறகுதான் அந்தப் பூட்டைப் பற்றிய கேள்வி தமிழில் வந்தது.

அந்த முதல் தெளிவு நாட்களில் வீடே வேறாக இருந்தது. சியூ ஹூன் நாலு மொழியிலும் பேசினார், நாலிலும் திட்டினார். வாய் கோக் போட்டிருந்த பட்டன் போன சட்டையைக் கழற்றச் சொன்னார். மகனைக் காணொளியில் கூப்பிட்டு, முடி ஏன் இப்படி நரைத்திருக்கிறது என்று கேட்டார். யோகேஸ்வரியும் அவரும் மத்தியானம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். தான் இல்லாதபோது நடந்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். யோகேஸ்வரி பாதியை மறைத்தாள். மறைக்கிற இடத்தில் எல்லாம் அவர் சரியாகக் கண்டுபிடித்து, "அப்புறம்?" என்றார். கடித்தது, கெஞ்சியது, பக்கத்து வீட்டில் முறையிட்டது எல்லாம் வெளியே வந்தன.

மகன் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மூவரையும் எதிரே உட்காரவைத்தார். எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயில் பேசினார்.

"பட்டினி போடுறப்ப அழுகிறாளே, அவ நான் இல்ல. அவளுக்கு எதுவும் தெரியாது. அவ என்ன சொன்னாலும் கேக்காதீங்க. அழுதா அழட்டும். எனக்கு மாசத்துல ஒரு வாரம் கிடைச்சாலும் போதும். அந்த ஒரு வாரம் நானா இருக்கணும்."

கார் மிங் சரி என்று சொல்லிவிட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். வாய் கோக் தலையாட்டினார். யோகேஸ்வரி வாக்குக் கொடுத்தாள்.

ஊரில் இதற்குப் பேரே வந்துவிட்டது. பசி நாள், தெளிவு நாள். ஆய்வு நிலையத்து வரவேற்பறையில் வக்கீல்கள் காத்திருந்தார்கள். சோங் என்ற கிழவரின் மகன்கள், வீட்டை யார் பேரில் எழுதுவது என்று அவர் முடிவுசெய்யும்வரை அவரைச் சாப்பிடவிடாமல் தெளிவிலேயே வைத்திருந்ததாகப் பேசிக்கொண்டார்கள். எழுதிக்கொடுத்த அன்றே அவர் முன்னால் தட்டு நிறையச் சோறு வைத்தார்களாம். கல்யாணத் தேதியைப் பாட்டனாரின் தெளிவு நாளுக்கு ஏற்றபடி குறித்த வீடுகளும் உண்டு. யாரையாவது பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்கும் பழக்கம் அந்த நிலையத்தில் மட்டும் நின்றுபோயிற்று.

சீனப் பெருநாள் வந்தது. முந்தின நாள் இரவுச் சாப்பாட்டுக்குத் தான் தெளிவாக இருக்கவேண்டும் என்று சியூ ஹூன் முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். அதற்காகப் பசி நாட்களை முன்னால் தள்ளினார்கள். வாய் கோக்கின் தங்கைகள் குடும்பத்தோடு வந்தார்கள். உப்புக்கோழி, ஆவியில் வெந்த மீன், தாமரைக்கிழங்கு சூப், மேசையில் இடமில்லை. சியூ ஹூன் சிவப்புச் சட்டை போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வெந்நீர்க் கோப்பை மட்டும். எல்லாருடைய பிள்ளைகளின் பெயரையும் படிப்பையும் ஞாபகம் வைத்து விசாரித்தார். ஆனால் அவருக்கு முன்னால் சாப்பிட யாருக்கும் கை எழவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் காரணம் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

மிச்சமான மீனைப் பார்த்துக்கொண்டு, "போன வருஷம் நான் எப்படி இருந்தேன்?" என்று கேட்டார் சியூ ஹூன்.

"போன வருஷம் நல்லா சாப்பிட்டே" என்றார் வாய் கோக். அவர் குரல் மென்மையாக இருந்ததை யோகேஸ்வரி அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது சுற்றிலிருந்து கணக்கு தப்ப ஆரம்பித்தது. பசி நாட்கள் நீண்டன. தெளிவு நாட்கள் சுருங்கின. ஒவ்வொரு முறையும் உடம்பு கொஞ்சம் குறைந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது. தோளெலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. எழுந்து நிற்கக் கைத்தாங்கல் வேண்டியிருந்தது. தெளிவு வந்தால் அந்த உடம்பைப் பார்த்து முகம் சுளிப்பார், பிறகு பேச்சை மாற்றிவிடுவார்.

சாப்பிட்டுத் தேறும் நாட்களில் இருந்தது வேறு ஒரு பெண். அவளுக்குக் கோபமே வராது. வாய் கோக்கின் கையைப் பிடித்துக்கொண்டு காலையில் பசாருக்குப் போவாள். ஆ கோ, ஆ கோ என்று எதைப் பார்த்தாலும் காட்டுவாள். கோழித்தோலை உரித்து முதலில் அவர் தட்டில் வைப்பாள். அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று வெட்கத்தோடு கேட்பாள். வாய் கோக் ஒவ்வொரு முறையும் இல்லை என்பார். முதலில் வேடிக்கைக்குத்தான் அப்படிச் சொல்கிறார் என்று யோகேஸ்வரி நினைத்தாள். பிறகு அவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டதைப் பார்த்தாள்.

அடுத்த பட்டினியில் எவ்வளவு நாள் போயும் தெளிவு வரவில்லை. கண்கள் மங்கலாகவே இருந்தன. ஆனால் அழுகையும் குறைவாக இருந்தது. யோகேஸ்வரிக்குச் சந்தேகம் தட்டவில்லை, உடம்புதான் தோற்றுவிட்டது என்று பயந்தாள். ஒரு காலையில் தலையணை உறை மாற்றும்போது உள்ளேயிருந்து தேங்காய் பன்னின் துணுக்குகள் உதிர்ந்தன.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வாய் கோக் பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். துணுக்குகளைப் பார்த்தார், மறுக்கவில்லை.

"அத்தை சொன்னது உங்களுக்கு ஞாபகம் இல்லையா, பா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன்?"

அவர் திருப்புளியைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நீ கேக்கிற ஆளு மாசத்துக்கு நாலு நாள் வர்றா. அழுகிற ஆளு தினமும் இருக்கா. நாலு நாள் வர்றவளுக்காகத் தினமும் இருக்கிறவளை நான் எத்தனை தடவை கொல்றது?"

"அவங்க வேற ஆளு இல்ல. அத்தைதான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் வாய் கோக்.

யோகேஸ்வரி துணுக்குகளைக் குப்பைக்கூடையில் போட்டாள். அவருக்கு எழுபத்தைந்து வயது. மனைவி கடித்த தழும்பு கையில் இன்னும் இருந்தது. கணவனிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். சொன்னால் அவன் அப்பாவிடம் கத்துவான், பிறகு விமானம் ஏறிப் போய்விடுவான். டாக்டரிடம் மட்டும் சொன்னாள். சியூ ஹூனை நிலையத்திலேயே வைத்துப் பட்டினி போட்டார்கள். தெளிவு வந்தது, மூன்று நாள்.

வீட்டுக்கு வந்ததும் சியூ ஹூன் முதலில் கேட்டது, "இந்தத் தடவை ஏன் இவ்வளவு லேட்டு?"

உடம்பு பலவீனமாம், டாக்டர் சொன்னார் என்று யோகேஸ்வரி பொய் சொன்னாள். வாய் கோக் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சியூ ஹூன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆயிரம் சாட்சிகளைப் பார்த்த கண். ஆனால் எதுவும் கேட்கவில்லை. பிறகு யோகேஸ்வரி மட்டும் இருக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யோகா, இன்னும் எத்தனை தடவை தாங்கும்னு டாக்டர் சொன்னாங்க?"

"ஒண்ணு. மிஞ்சிப்போனா ரெண்டு. இதயத் தசையும் கரையுதாம்."

"அந்த ஒண்ணை விட்டுடாதே. அவ எப்படிக் கெஞ்சினாலும் சரி. எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கணும்."

யோகேஸ்வரி மறுபடியும் வாக்குக் கொடுத்தாள். இது வேண்டாம் என்று சொல்லிவிடமாட்டாரா என்று தன் மனதின் ஒரு மூலை எதிர்பார்த்ததை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தேறும் நாட்கள் முடிந்து கடைசிப் பட்டினி தொடங்கியது. இந்தமுறை ஒரு துணுக்கு ரொட்டிகூடக் கொடுக்கமாட்டேன் என்று வாய் கோக் சத்தியம் செய்தார். அதைக் காப்பாற்றவும் செய்தார். சியூ ஹூன் முதல் சில நாட்கள் கதவைத் தட்டினார். பிறகு அதற்கும் தெம்பில்லாமல் படுத்தே இருந்தார். வாயில் மட்டும் "ஆ ஜே, ஆ ஜே" என்று வந்துகொண்டிருந்தது. ஒருநாள் மாலை அதுவும் நின்றுவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். யோகேஸ்வரி கூப்பிட்டுப் பார்த்தாள். தமிழில் கேட்டாள், மலாயில் கேட்டாள். பதில் இல்லை. மயக்கமோ என்று நாடி பார்த்தாள். நாடி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் வாய் கோக் நாற்காலியை இழுத்துப்போட்டு மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்தார். யோகேஸ்வரி கூடத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. அவர் கன்டனீஸில் பேச ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் யோகேஸ்வரிக்கு அந்த மொழி நன்றாகவே புரியும்.

கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றார் அவர். இது முடிந்ததும் இனிமேல் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீ வயிறாரச் சாப்பிடலாம். உன்னைத் தெலுக் பாத்திக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே மீன் சுட்டுத் தருவார்கள், உனக்குப் பிடிக்கும். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ வந்தா நாலு நாள் இருப்பா. நாலு நாளும் என் சட்டை சரியில்ல, நான் பேசுறது சரியில்ல. கல்யாணமான நாள்லேருந்து அவளுக்கு முன்னாடி நான் மெக்கானிக்தான். அவ நல்லவ. குறை சொல்லமாட்டேன். ஆனா நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்த மாதிரி அவ ஒருநாளும் நடந்ததில்ல. அவ வரலைன்னா எனக்குப் பரவாயில்ல. நீ போயிடாதே."

சியூ ஹூன் அசையவில்லை. வாய் கோக் போர்வையைச் சரிசெய்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். யோகேஸ்வரியைப் பார்க்காமல், மருந்துக்கடைக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

யோகேஸ்வரி தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்திவைத்துவிட்டு அறைக்குள் போனாள். சியூ ஹூன் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். கண்கள் திறந்திருந்தன.

"ஆ ஜே, பசிக்குது" என்றார் கன்டனீஸில்.

"இன்னும் கொஞ்ச நாள்தான்" என்றாள் யோகேஸ்வரி.

"ஆ ஜே, சோறு குடு."

கத்தவில்லை, அழவில்லை. அந்தக் கெஞ்சலை எத்தனையோ முறை கேட்டுப் பழகிய யோகேஸ்வரிக்கு அன்று அது தாங்கவில்லை. கூடத்தில் கேட்ட பேச்சு இன்னும் காதில் இருந்தது. போர்வைக்குள் இருப்பது எலும்பு. யாருக்காக இது என்று நினைத்தாள். வாக்குக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. ஒரு மங்கு தாங்கும் என்று டாக்டர் சொன்னதும் நினைவுக்கு வந்தது. பூட்டைத் திறந்து, தனக்கு வடித்திருந்த சோற்றில் முட்டை கலந்து குழைத்து ஒரு மங்கு எடுத்துக்கொண்டு வந்தாள்.

சியூ ஹூன் கரண்டியைத் தானே வாங்கிக்கொண்டார். ஊதி ஊதி மெதுவாகச் சாப்பிட்டார். பலவீனத்தில்தான் அவசர அவசரமாக அள்ளவில்லை என்று யோகேஸ்வரி நினைத்தாள். மங்கு காலியானதும் அதை அவளிடம் நீட்டினார்.

"இன்னொண்ணு."

"போதும்."

"இன்னொண்ணு, ஆ ஜே."

இரண்டாவதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தே யோகேஸ்வரி மங்கை வாங்கிக்கொண்டாள். பிறகு போய் எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது மங்கைச் சாப்பிடச் சியூ ஹூன் மிகவும் சிரமப்பட்டார். பாதியில் நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் என்று யோகேஸ்வரி மங்கை வாங்கப்போனபோது கொடுக்கவில்லை. ஒவ்வொரு வாயாக விழுங்கி, கடைசிப் பருக்கைவரை முடித்தார். பிறகு யோகேஸ்வரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் வரும்வரை பார்த்தார்.

எழுந்தபோது யோகேஸ்வரியைப் பார்த்துச் சிரித்து, வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

ஒரு வாரம் கழித்து வால்வை நிரந்தரமாக அணைக்க நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். வாய் கோக் வெளியே மனைவியோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் ரொஹானி வால்வில் பதிந்திருந்த அளவுகளைத் திரையில் பார்த்தார். யோகேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். பாவம் பார்த்துச் சோறு கொடுத்துவிட்டேன், என்னால்தான் கடைசித் தவணை போயிற்று என்றாள்.

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"போகல. வேலை செஞ்சிருக்கு. பாருங்க, நீங்க சோறு குடுத்ததுக்கு முந்தின நாள் சாயங்காலமே அளவு கோட்டைத் தாண்டிடுச்சு. இந்த அளவுக்கு அவங்க நல்ல தெளிவா இருந்திருக்கணுமே. எதுவும் பேசலையா?"

யோகேஸ்வரி திரையைப் பார்த்தாள். பச்சைக் கோடு ஒன்று மேலே ஏறி, இரவு முழுக்க அப்படியே நின்று, மறுநாள் மத்தியானம் சரிந்திருந்தது. சரிவு இரண்டு படியாக இருந்தது. முதல் மங்குக்குக் கொஞ்சம். இரண்டாவது மங்குக்கு முழுவதும்.

தெளிந்தபின் பசி தெரியாது என்று இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் டாக்டர் சொன்னார். பசியே இல்லாத ஒருவர், கட்டிலருகே கணவர் பேசியதை எல்லாம் தெளிவோடு கேட்டுவிட்டுத்தான் அந்த இரண்டு மங்குச் சோற்றையும் விழுங்கியிருக்கிறார் என்று யோகேஸ்வரிக்குப் புரிந்தது.

"பேசலை" என்றாள்.

டாக்டர் அதைத் தட்டச்சு செய்துகொண்டார். சில பேருக்கு அளவு ஏறினாலும் மூளை எழுந்திருக்காது, அதையும் ஆய்வில் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்றார். யோகேஸ்வரி திருத்தவில்லை. வெளியே வந்தபோது வாய் கோக் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். ஒன்றுமில்லை பா, அணைத்தாயிற்று என்றாள். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதைப் பறிக்க அவளுக்கு மனம் வரவில்லை. மனம் வந்தாலும் எந்த வார்த்தையில் சொல்வது என்று தெரியவில்லை.

சியூ ஹூனின் கன்னத்தில் சதை கொஞ்சம் திரும்பியதும் வாய் கோக் தெலுக் பாத்திக் கடற்கரைக்குக் கார் ஏற்பாடு செய்தார். இதயம் இனித் தேறாது, வருடக் கடைசிவரை இருந்தால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது வாய் கோக்குக்கும் தெரியும். அதைப் பற்றி அவர் பேசவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தார்.

கடற்கரையை ஒட்டிய கடையில் வாழையிலையில் சுட்ட மீன் வந்தது. சியூ ஹூன் இரண்டு கையாலும் பிய்த்துச் சாப்பிட்டார். முதல் துண்டை வாய் கோக்கின் தட்டில் வைத்தார். வாயோரம் குழம்பு வழிந்தது. வாய் கோக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். சியூ ஹூன் கூச்சத்தோடு சிரித்தார். அலை வந்து போகும்போதெல்லாம் அதை எண்ணினார். மூன்றுக்கு மேல் எண்ண வரவில்லை, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

வாய் கோக் யோகேஸ்வரியின் பக்கம் சாய்ந்து மலாயில் பேசினார்.

"பாரேன், எவ்வளவு சந்தோஷமா இருக்கா. அவளும் இதைத்தான் விரும்பியிருப்பா. இல்லையா?"

"ஆமா, பா" என்றாள் யோகேஸ்வரி.

சியூ ஹூன் மீன் தலையைக் கையில் எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார். ஆ ஜே இன்னும் சாப்பிடவில்லையே என்று கவலையாகக் கேட்டார். யோகேஸ்வரி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.